துணைக்கு ஒரு சைக்கிள்

"நான் வந்து சொன்னேன்னு அவருக்குத் தெரியவே கூடாதுண்ணா," என்றாள் ரமாபாய்.

ராசையா கதவைப் பாதி திறந்தபடி நின்றிருந்தான். முகமெல்லாம் தாடி. அவன் மனைவி அம்மு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கும் அவன் போகவில்லை. இப்படி இருப்பவனிடம் உதவி கேட்டு வந்தது ரமாபாய்க்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

முந்தின நாள் இரவு அவள் கணவன் செங்குட்டுவன் சாப்பிட உட்காரும்போது, யாருக்கோ நடந்ததைப் போல அதைச் சொன்னான். இதயத்தைச் சுற்றிக் கொழுப்பாம். உடம்பைக் குறைக்காவிட்டால் அதிக நாள் தாங்காதாம். பழையபடி சைக்கிள் மிதிக்கச் சொன்னாராம் டாக்டர். ஆனால் தனியாகப் போகக் கூடாதாம். வழியில் மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் வேண்டுமாம். 'அதெல்லாம் நடக்கிற கதையா' என்று அவனே முடித்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு கேட்டான். ரமாபாய் அன்று சாப்பிடவில்லை.

திருவொற்றியூர் இன்னும் நகராட்சியாக இருந்த காலம் அது. காலடிப்பேட்டையில் செங்குட்டுவனையும் ராசையாவையும் தெரியாதவர்கள் குறைவு. இளவட்டமாக இருந்தபோது அகல டயர் போட்ட கியர் சைக்கிள்களில் இருவரும் கடலோர மணலிலும் மேடு பள்ளத்திலும் பாய்ந்து நெட்டுக்குப்பம் வரை போய் வருவார்கள். பிறகு செங்குட்டுவனுக்குக் கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே நூறு கிலோவைத் தாண்டிவிட்டான்.

"உனக்குத்தான் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாருன்னு சொல்லு. தொணைக்கு வாடான்னு கூப்புடு," என்றாள் ரமாபாய். "தனக்குன்னா அவரு அசைய மாட்டாரு. உனக்குன்னா வருவாரு." அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராசையா கதவை முழுதாகத் திறந்தான்.

"அவனும் பூட்டான்னா எனக்கு யாருமா கீறாங்க?" என்றான். "காலைல வர்றேன்."

சொன்னபடி விடியற்காலையில் சைக்கிளோடு வந்து நின்றான். செங்குட்டுவன் முணுமுணுத்துக்கொண்டே பரண் மேலிருந்த தன் சைக்கிளை இறக்கினான். அவன் ஏறி உட்கார்ந்ததும் டயர் இரண்டும் சப்பையாகிவிட்டன. காற்றடித்துக் கிளம்பினால், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போவதற்குள் மூச்சு இரைத்தது. துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "மாமு, சைக்கிள் மேல நீ போறியா, இல்ல சைக்கிள நீ தூக்கினு போறியா?" என்று ஒருவன் கேட்டான். செங்குட்டுவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டீ குடித்தான்.

ஒரு வாரத்தில் விட்டுவிடுவான் என்றுதான் ரமாபாய் நினைத்தாள். அவன் விடவில்லை. முழங்கால் வீங்கியது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனான். மணலில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். மறுநாள் கட்டோடு கிளம்பினான். ஒரு நாள் மழை கொட்டியபோது, இன்றைக்கு வேண்டாமே என்று அவளே தடுத்தாள். ராசையா வந்து நிற்பான் என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனான். ராசையாவுக்கு இரைப்பு அதிகமாக இருக்கிறது, பாவம், அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருக்கிறது என்று அவன் வந்து சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள். ராசையா இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குட்டுவனின் தொப்பை இறங்கியது. பேன்ட்டைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. எண்ணூர் பக்கத்துச் செம்மண் மேட்டில் இறங்கித் தள்ளாமல் மேலே போய்விட்டதாக ஒரு நாள் அவன் வந்து சொன்னபோது, அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மண்ணும் வேர்வையுமாக வந்தார்கள். ராசையா மழமழவென்று சவரம் செய்திருந்தான். கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டான். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். லாரிக்காரன் ஒருவனைப் போலப் பேசிக் காட்டி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ரமாபாய்க்கு மனசு உறுத்தியது. இனியும் மறைக்க வேண்டாமென்று கணவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ கோச்சிக்கக் கூடாது. ராசையாண்ணாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. உன்ன சைக்கிள் ஏத்தறதுக்காக நான்தான் போய்க் கெஞ்சுனேன்."

"தெரியும்," என்றான் செங்குட்டுவன்.

"அவரு சொல்லிட்டாரா?"

"அவன் சொல்லல. நீ போய்க் கேப்பேன்னு தெரியும்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் எந்த டாக்டராண்டயும் போவல ரமா."

அவளுக்குப் புரியவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டாக்டர் கதைய உன்னாண்ட சொன்னேனே, அன்னிக்கு சாய்ந்தரம் அவன் கடல்ல கழுத்தளவு தண்ணியில நின்னுகினு இருந்தான். நான்தான் இஸ்துகினு வந்து வூட்ல விட்டேன். அவனுக்காகன்னு கூப்ட்டா வெளிய வர மாட்டான். எனக்காகன்னு நீ போய் அழுதா வருவான்."