ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்து

இடமில்லை என்று அவள் சொன்னாள். காலையிலிருந்து பதினேழாவது தடவை.

கேட்டவர் அருவியில் குளித்த ஈரத் தலையோடு நின்றார். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை மொத்த ரயில் பாதையையும் அறுபதடி நீளத்துக்குப் பொம்மையாகச் செய்து வைத்திருக்கிறீர்கள், எங்கள் ஊர் ஸ்டேஷனை மட்டும் காணோமே என்று அவருக்குக் குறை.

குற்றாலத்துக்கு வருகிற கூட்டமே இப்படித்தான். மலையைப் பார்க்காது. பாலத்தைப் பார்க்காது. அவனவன் ஊரைத் தேடும்.

செய்தவர் அவள் கணவர். டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

அவர் பாட்டுக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒன்பது ஸ்டேஷனுக்குத்தான் இடம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். சுவரோரம் ஒன்றுக்கு இருக்கிற பொம்மை ஆளுக்கு இடம் கிடைத்தது. ஆட்டை விரட்டுகிறவனுக்குக் கிடைத்தது. அந்த அறுநூறு பொம்மைக்கும் சட்டையும் சேலையும் தீட்டியவள் அவள். கழுத்து வலி இன்னும் போனபாடில்லை.

அவள் பிறந்த ராவணசமுத்திரத்துக்கு மட்டும் இடமில்லை.

கேட்டதற்கு, ஒரு நிமிஷம் நிற்கிற ஊரெல்லாம் ஒரு ஊரா என்று சிரித்தார்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள்தான் அவள் நிறைமாத வயிறும் கூடையுமாக இறங்கினாள். கூட வந்த கணவர் இறங்கவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு அதே வண்டியில் தென்காசிக்குப் போய்விட்டார்.

இருபத்தெட்டு வருஷமாயிற்று. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நாலு மணிக் கூட்டத்தில் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. தண்டவாளத்தை ஒட்டியே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்து எங்க ராவணசமுத்திரம்லா வரணும்?"

மேஜையில் இருந்தவள் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கை மேஜைக்கு அடியில் போயிற்று.

அங்கே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பிள்ளைகள் தண்டவாளத்தில் கையை விட்டால் வண்டியை நிறுத்துவதற்கு.

வண்டி ஆழ்வார்குறிச்சியை விட்டுக் கிளம்பியது. பச்சை வயலுக்குள் வந்தது.

அழுத்தினாள்.

ஸ்டேஷனும் இல்லாமல், பெயர்ப் பலகையும் இல்லாமல், வண்டி நின்றது.

கூட்டம் சலசலத்தது. உள்ளே அவர் எதை எதையோ திருகிப் பார்த்தார். பிறகு கண்ணாடி அறைக் கதவு திறந்தது.

"ஏளா, எதுக்கு நிப்பாட்டுன?"

அவள் விரலை எடுக்கவில்லை. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"ஒரு நிமிசம் நிக்கும். எறங்குறவங்க எறங்கட்டும்."

கூட்டம் அவளைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே.

இன்னும் இருபது விநாடி இருந்தது.