அஞ்சு புள்ளி

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

டீச்சரம்மா தன் மகனின் நீலச் சட்டையை லாண்டரி மேஜையில் விசிறி எறிந்தாள். காலருக்கு உள்பக்கம் மையால் வைத்த சலவைக்குறி, அஞ்சு புள்ளி.

"இருபது வருஷமா எங்க வீட்டுக்கு மூணு புள்ளி. இப்ப பையனோட நாலு சட்டையிலயும் அஞ்சா?"

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பெண்டாட்டி, பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை.

"தப்புதாம்மா. அதுவே இருந்துட்டுப் போகட்டுமே."

"நல்லா இருக்கே கதை!"

"பையன் எங்கம்மா?"

"தூங்கறான்."

"நல்லாத் தூங்கட்டும்" என்று மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளைகளின் தப்பைத் திருத்தியே பழகின வாய் சும்மா இருக்குமா? "மனுஷனுக்குப் புத்தி தடுமாறுது, இனி அங்க துணி போடாதீங்க" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டாள்.

அடுத்த வாரமே பையன் அந்த நீலச் சட்டையோடு வீட்டை விட்டுப் போனான். தனி நாடு கேட்டு மலையேறினவர்களோடு சேர்ந்துவிட்டான். தெருவுக்கு அவள் சொன்னது, "வெளியூர்ல வேலை."

நாட்டில் போர் ஒன்றும் இல்லை. பஸ் ஓடியது, பள்ளிக்கூட மணி அடித்தது. சட்டம் மட்டும் போர்க்காலச் சட்டம். மலைக்குப் போனவன் வீட்டாரைக் கேள்விமுறை இல்லாமல் உள்ளே தள்ளலாம். வக்கீலும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. வீட்டில் வயசுக்கு வந்த மகள் வேறு. டீச்சரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கண் அசந்தால் ஒரே கனவு. லாண்டரிக் கொடியிலிருந்து நீலச் சட்டை தானாக இறங்கும். உள்ளே ஆள் இருக்காது. ஆவியும் வெயிலுமாகக் கலங்கிக் கிடக்கும் தெருவில் மெல்ல மிதந்து வந்து அவள் கதவைத் தட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டை நிஜமாகவே வந்தது, ஜீப்பில், ஓர் அதிகாரியின் கையில். கனவுதான் என்று நினைத்தபடியே அவள் லாண்டரி வாசலுக்கு நடந்து வந்தாள்.

"மலையில ஒரு கூடாரத்துல கிடைச்சுது. ஆள் தப்பிச்சுட்டான்" என்றார் அதிகாரி. "எந்தக் குறி எந்த வீடுன்னு எழுதி வெக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கோமே, அந்த நோட்டை எடு."

தெருவே கூடிவிட்டது. டீச்சரம்மா போட்ட சண்டை ஊருக்கே தெரியும். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தால் தொலைந்தது. ஆனால் எல்லாரும் சட்டையைப் பார்த்தார்கள், அவளை யாரும் பார்க்கவில்லை.

அதிகாரியின் விரல் நோட்டில் இறங்கி நின்றது.

"அஞ்சு புள்ளி... யோவ், இது உன் சொந்த வீடாச்சே!"

"ஆமா சார். என் சட்டைதான்."

"மலைக்கு எப்படிப் போச்சு?"

"கொடியில காயப் போட்டேன், காணாமப் போச்சு."

பளாரென்று ஓர் அறை. ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "துணி காயுது டீச்சரம்மா. மழை வந்தா எடுத்து வைங்க" என்றார்.

ஜீப் மறைந்தது. டீச்சரம்மா கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா வந்து தோளைத் தொட்டதும் அழுகை வெடித்தது.

"என் பிள்ளைக்காகத்தானேக்கா மாத்தி வெச்சாரு? அந்த மனுஷனை நான் என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்!"

அக்கா கொடியிலிருந்து தன் மகனின் சட்டையை எடுத்து, காலரைத் திருப்பிக் காட்டினாள். அஞ்சு புள்ளி.

"வயசுப் பையன் இருக்கற எல்லா வீட்டுத் துணியிலயும் இதாண்டி. சண்டைக்குப் போனவ நீ ஒருத்திதான்."