பச்சை பூசினவன்

“இதைச் செய்தவன்ர வலக்கை விளங்காமப் போகோணும். காலமையே போய் அந்தோனியாரிட்டச் சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

கிளெமென்ற் கிழவர் கம்பிப் பிரஷ்ஷை நிலத்தில் எறிந்தார். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில், அவர் வீட்டு வாசலில், பழைய காஸ் பார்பிகியூ மெஷின் ஒன்று அரைவாசி தோலுரிந்து நின்றது.

உக்கினதை வாங்கி, சுரண்டி, பூசி, விற்பதுதான் அவருடைய பிழைப்பு. வருசத்துக்குப் பதினைந்து மெஷின் அவர் கையால் போகும். பூசி முடிந்தால் எந்தக் கிழடும் குமர்தான்.

அந்தோனியார் காணாமற்போன சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். கள்ளனைப் பிடிப்பதும் கையை முடக்குவதும் அவருடைய இலாகா இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமையும் அதுவுமாய், கொச்சிக்கடைக் கோயிலில், கடையில் இருந்ததிலேயே மொத்தமான மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தால் அவரும் கொஞ்சம் இறங்கி வரத்தானே வேணும்.

“திரி எரிஞ்சு முடிய முன்னம் ஆளைக் காட்டும், திரி முடியேக்க அவன்ர கையும் முடியட்டும் எண்டு கேட்டனான்.”

“நல்ல செபம்,” என்றாள் உள்ளேயிருந்து மனைவி றஞ்சிதம். அலுமாரி லாச்சியின் ஒரு பக்கக் குமிழையும், குமிழ் இல்லாத மறுபக்கத்தில் கட்டியிருந்த கயிற்றையும் பிடித்து இழுத்துத் திறந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். “இந்தாங்கோ. இந்த லாச்சிக்கு ஒரு பிடி போட்டுத் தாங்கோ எண்டு கொரோனாக் காலத்தில இருந்து கத்துறன். ஊரான்ர அடுப்பெல்லாம் மினுங்குது.”

“முதல்ல கள்ளன். பிறகு லாச்சி.”

அந்த நேரம் ஓட்டோவில் வந்து இறங்கினார் வெள்ளவத்தைச் சுந்தரலிங்கம். போன கிழமை இந்த மெஷினைக் கிழவருக்கு விற்றவர் அவர்தான். போனில் கிழவர் போட்ட சத்தத்தில் பயந்துபோய் வந்திருந்தார்.

“வாரும் மாத்தயா, வாரும்! உம்மட நல்ல சாமானைக் கிட்ட வந்து பாரும்.”

சுந்தரலிங்கம் குனிந்து பார்த்தார்.

“இது என்ன தெரியுமோ? பால்மா ரின்! அடித்தட்டு உக்கின இடத்தில பால்மா ரின்னை வெட்டி ஒட்டி, அதுக்கு மேல பெயின்ற். அதுவும் நெருப்புக்கு நேர கீழ! இதை வாங்கப்போற டெரிக்கின்ர மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை விருந்து. அம்பது பேருக்கு இதிலதான் கோழி சுட இருக்கினம். நான் சுரண்டிப் பார்க்காமக் குடுத்திருந்தா, கோழியோட சேர்ந்து சின்னப் பிள்ளையளும் வெந்திருக்கும்.”

“ஐயோ அண்ணை…”

“பிறகு கொட்டாஞ்சேனை முழுக்க என்ர பேர் நாறும். என்ர கையால போன சாமான் ஒண்டும் இண்டைவரைக்கும் திரும்பி வந்ததில்ல. தெரியுமோ?”

சுந்தரலிங்கம் நெற்றியைத் துடைத்தார். “அண்ணை, மேல இருக்கிற கறுப்பு நான் பூசினது. ஒத்துக்கொள்ளுறன். கீழ இருக்கிற பச்சை, நான் வாங்கேக்கயே இருந்தது. நான் சுரண்டிப் பார்க்கேல்ல.”

“அப்ப பச்சை பூசினவன்தான் கள்ளன். ஆர் அவன்?”

“எனக்கென்னண்டு தெரியும்? கொரோனாக் காலம். ஊரடங்கு எடுத்த அண்டைக்கு ஒரு பெரியவர் ஓட்டோவில கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போனவர். அவருக்கும் மாஸ்க், எனக்கும் மாஸ்க். முகத்தை எங்க பாக்கிறது?”

“அதுதானே. கள்ளனுக்கு அரசாங்கமே முகமூடி போடச் சொன்ன காலம்!”

“நல்ல மனுசன் மாதிரித்தான் கதைச்சவர் அண்ணை.”

“வேற எப்பிடிக் கதைப்பான்? கள்ளன் மாதிரிக் கதைப்பானோ?”

கிழவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. மூடியைத் தூக்கும் பிடியில் கையை வைத்தார். “இதையும் பாரும். மெஷினோட வந்த பிடி இல்ல. என்னத்தையோ கொண்டுவந்து பூட்டியிருக்கிறான்.”

ஸ்குரூவைக் கழற்றிப் பிடியைக் கையில் எடுத்தார். அரத்தாளால் நாலு தேய்ப்பு. கறுப்புப் போனது. பச்சை போனது. உள்ளே வெள்ளைப் பீங்கான். நடுவில் சின்னதாய் ஒரு நீலப் பூ.

“பாத்தீரே, அலுமாரிக் குமிழ்! எந்த ஏழை வீட்டு அலுமாரியில களவெடுத்தானோ, நாசமாப் போவான்!”

றஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். குமிழை அவர் கையிலிருந்து வாங்கி, சீலைத் தலைப்பால் துடைத்தாள். குமிழோடு உள்ளே போனாள்.

“பொம்பிளையளுக்கு இதுவும் ஒரு வடிவுச் சாமான்,” என்றார் கிழவர். “நீர் யோசிச்சுச் சொல்லும். கட்டையோ, நெட்டையோ? கறுப்போ, சிவலையோ? அந்தப் பச்சைக்காரன் மட்டும் என்ர கண்ணில படட்டும். அந்தோனியாருக்கு வேலை வைக்காம நானே அவன்ர கையை முறிச்சு…”

டக்கென்று ஒரு சத்தம். றஞ்சிதம் லாச்சியை முழுசாக உருவிக்கொண்டு வந்து மெஷினுக்கு மேல் வைத்திருந்தாள். கயிற்றைக் காணோம். கயிறு தொங்கிய இடத்தில் குமிழ் அச்சொட்டாய்ப் பூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை, ஒரே நீலப் பூ.

சுந்தரலிங்கம் லாச்சியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கிழவருடைய மூக்கையும் வாயையும் மாஸ்க் மாதிரி மறைத்து, கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தார். கிழவர் தன்னுடைய வலக்கையைப் பார்த்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?” என்றாள் றஞ்சிதம். “திரி எரிஞ்சு முடிய முன்னம் ஓடிப்போய் ஊதி அணைச்சுப்போட்டு வாங்கோ!”