பதினாலு நாள் பதிவு

“கொரோனா முடிஞ்சு இவ்வளவு வருசம். எங்கடை விபரத்தைச் சுகாதாரக் கந்தோர்க்காரர் இன்னும் ஏன் வைச்சிருக்கினம்?”

வாசிகசாலை மேசையில் பேப்பரை அடித்துக் கத்தியவர் பக்கத்து வீட்டுக் கதிரவேலு. எங்களோடு ஒன்பது வருசமாய் வேலி வழக்கு. ஒரு முழக் காணிக்கு! முகம் பார்த்துக் கதையில்லை.

சங்கதி கேள்விப்பட்ட என் அம்மா கமலாவதி சிரித்தா.

“களவு இல்லாட்டி உவருக்கேன் பயம்?”

எனக்கும் அதே சந்தேகம்.

“பொறுங்கோ அம்மா, கேட்டுச் சொல்லுறன்.”

தோழி தனுஷிகாவின் போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் கதிரவேலுவுக்கு அடித்தேன். மூக்கைப் பிடித்தேன். ஊரில் யாருடைய குரலும் எனக்கு வரும்; சுகாதார அலுவலக மிஸ்ஸின் குரல் தயார்.

“ஹலோ, சுகாதாரக் கந்தோர். உங்கடை கொரோனாப் பதிவு இஞ்சை இருக்கு. எங்கை போனனீங்கள், ஆரிட்டைப் போனனீங்கள், எல்லாம் கிடக்கு. வாசிக்கட்டோ?”

போனுக்குள், அவர் இருந்த கதிரை பின்னுக்குச் சரிகிற சத்தம். மனிசன் எழும்பி நின்று கதைக்கிறார்! எனக்குச் சிரிப்பு வெடிக்கப் பார்த்தது.

“வாசிக்காதேங்கோ மிஸ்! பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?”

“ஏன் ஐயா, அவ்வளவு ரகசியமோ?”

குரல் தணிந்தது.

“பக்கத்து வீட்டைப் பதினாலு நாள் தனிமைப்படுத்தி வைச்சிருந்தவை. சின்னப் பிள்ளை இருந்த வீடு. ஒவ்வொரு விடியக்காலமையும் பால்மாவும் மரக்கறியும் ஒரு பையிலை போட்டு அவையின்ரை படலைக் கதவிலை கொழுவினனான். நோய்க்கெண்டு சுகாதாரப் பரிசோதகர், அந்தப் பி.எச்.ஐ. கேட்டபடியாத்தான் சொன்னனான். வேறை ஒருத்தருக்கும் தெரியாது.”

அந்தச் சின்னப் பிள்ளை நான்தான்.

பை கோயில் ஆக்கள் வைத்தது என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

“நல்ல காரியந்தானே ஐயா. ஏன் ஒளிக்கிறியள்?”

“வழக்கு நடக்குது பிள்ளை. உது தெரிஞ்சால் கமலாவதி கோட்டிலை எனக்கெதிரா வாய் திறக்கமாட்டா. பால்மாவைக் குடுத்து வேலியை வெண்டதாப் போயிடும். தயவுசெய்து அழிச்சுவிடுங்கோ.”

மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இல்லாவிட்டால் அழுகை வந்திருக்கும்.

“அழிச்சாச்சு ஐயா.”

கறி கிளறிய அகப்பையோடு குசினி வாசலில் அம்மா காத்துக்கொண்டு நின்றா.

“என்னடி, உவற்றை களவு பிடிபட்டுதோ?”

“பதிவிலை ஒண்டுமே இல்லையம்மா.”

ஊரில் எல்லாருடைய குரலிலும் பொய் சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் குரலில் சொன்னது அன்றைக்குத்தான்.