வண்டியை இறக்கும் முறை

பீமராவ் புல்லட்டின் மேல் அமர்ந்து, அதை முதல் கியரில் போட்டுக் கிளட்சை அழுத்திப் பிடித்தான். எஞ்சினை இயக்கவில்லை.

யமுனா முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி நின்று, ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பற்றினாள்.

வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சிமெண்டுச் சரிவு செங்குத்தானது. மழைக்காலத்தில் உய்யக்கொண்டான் வாய்க்கால் நிரம்பினால் புத்தூரின் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் புகும். ஆகையால் வீட்டைக் கட்டியவர்கள் தரையை இடுப்பளவு உயர்த்தினார்கள். சரிவுக்குப் போதிய இடம் விட மறந்தார்கள். வண்டி நிற்கும் போர்ட்டிகோவில் அதைத் திருப்பவும் இடமில்லை; பின்னோக்கித்தான் இறக்க வேண்டும்.

வண்டியைத் தெருவில் நிறுத்தவும் இயலாது. ஓர் ஆட்டோ நுழைந்தாலே எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பீமராவின் இடது கணுக்காலில் உலோகத் தகடு இருக்கிறது. திருமணத்திற்கு முன் நேர்ந்த விபத்து. பின்னோக்கி இறங்குகையில் அந்தக் கால் வண்டியின் எடையைத் தாங்காது.

எனவே ஒவ்வொரு காலையும் இருவர் தேவைப்பட்டனர்.

இன்று பகல் பதினொரு மணிக்குக் குடும்பநல நீதிமன்றத்தில் அவர்களுடைய மணமுறிவு மனுவின் இறுதி விசாரணை. இருவரும் சேர்ந்து கொடுத்த மனு. ஒரே இடத்திற்கு ஒரே நேரத்தில் போக வேண்டியிருந்ததால் ஒரே வண்டியில் புறப்பட்டார்கள். அதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை.

விசாரணை முடிந்ததும் அவள் ஸ்ரீரங்கத்தில் எடுத்திருக்கும் அறைக்குப் போய்விடுவாள். நாளை அவன் கைலாசபுரத்திற்கு வேலைக்குப் போக வேண்டும். வண்டியின் முன்னால் யார் வந்து நிற்பார் என்று அவன் எவரிடமும் பேசி வைக்கவில்லை.

"இறக்கலாங்களா?" என்றாள்.

அவன் வலது காலால் பின்பிரேக்கைச் சற்றே தளர்த்தினான். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. அழுத்தினான். நின்றது.

பின்னோக்கி இறங்கும்போது முன்பிரேக்கை நம்பக் கூடாது. பளு முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இருக்கும். பிரேக்கையும் மீறி வண்டி வழுக்கினால் கிளட்சை விட்டுவிட வேண்டும். கியர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். துணைக்கு நிற்பவர் ஒருபோதும் பள்ளத்துப் பக்கம் நிற்கலாகாது.

மணமான புதிதில் அவள் பள்ளத்துப் பக்கம்தான் நின்றாள். ஒருநாள் வண்டி சறுக்கி அவளைத் தெருவரை தள்ளிக்கொண்டு போயிற்று. அன்று அவன் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து மேட்டுப் பக்கம் நிற்கிறாள். அதனால் சரிவு முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குள் தனித்தனி அறைகளுக்கு மாறிய பின்னரும் இது மாறவில்லை.

இன்னொரு சாண்.

சரிவின் ஓரங்களில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளைக் காணோம். எல்லாம் பக்கச் சந்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. அவள் எடுத்துப் போவதற்காக இருக்கும் என்று எண்ணினான். வாசலிலும் தண்ணீர் தெளித்திருக்கவில்லை. இன்றைக்கு எதற்கு என்று விட்டிருப்பாள்.

வருத்தம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தான். வரவில்லை. சண்டை என்று ஏதேனும் நடந்திருந்தால் வந்திருக்கக்கூடும்.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அற்புதம்மாளுக்கு மனுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வழக்கம்போல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, நான் சிலிண்டரத் தூக்குனாக்கூட பேப்பர மடிக்க மாட்டாரு. உங்க ரெண்டு பேரையும் வந்து பாருய்யான்னு சொல்லணும்!"

யமுனா நிமிர்ந்து புன்னகை செய்தாள். அந்நேரம் பீமராவின் இடது பாதத்தின் கீழ் ஒரு கல் உருண்டது.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவன் கிளட்சை விட்டான். பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. அவள் உடல் முழுவதையும் மறுபக்கம் சாய்த்து ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தாள்.

"கைய எடுத்துடாத" என்றான்.

"எடுக்கல."

அவளுடைய நெற்றி அவன் நெற்றிக்கு வெகு அருகில் இருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு அவன் மீண்டும் கிளட்சை அழுத்தினான். வண்டி மெல்ல இறங்கித் தெருவின் சமதளத்தை அடைந்தது.

அவள் கைகளை எடுத்துக்கொண்டு, புடைவைத் தலைப்பில் துடைத்தாள்.

தெருமுனையிலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. பின்புறம் கடப்பாரையும் இரும்புச் சட்டியும் கட்டப்பட்டிருந்தன. கொத்தனார் காத்தமுத்து இறங்கி, தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே சரிவை ஏற இறங்கப் பார்த்தார்.

வீடு மாறி வந்துவிட்டார் என்று பீமராவ் நினைத்தான்.

"போன்ல சொன்னீங்களேம்மா, இதானா? யாரு போட்டது இத, சுவர சாய்ச்சு வச்ச மாதிரி! போர்ட்டிகோவ உள்ள வரைக்கும் உடைச்சாத்தான் சரிவா இழுக்க முடியும். ஆனா காயற வரைக்கும் வண்டி ஏத்தக் கூடாது."

"எதிர்வீட்ல கேட்டு வச்சிருக்கேன். அது வரைக்கும் வண்டி அங்க நிக்கும்."

"அப்ப சரிம்மா. சரிவு எந்த மாதிரி வச்சுக்கலாம்?"

யமுனா பீமராவின் இடது காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரே ஆள் இறக்கற மாதிரி போட்டுடுங்க."

காத்தமுத்து தலையாட்டிவிட்டுக் கடப்பாரையை அவிழ்க்கலானார்.

அவள் வண்டியின் பின்னால் ஏறி அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாங்க. நேரமாச்சு."

தெரு சமதளமாக இருந்தது. வண்டி எந்தப் பக்கமும் உருள்வதற்கில்லை. ஆயினும் பின்பிரேக்கின் மேல் ஊன்றிய காலைப் பீமராவ் எடுக்கவில்லை.