அந்த மனுசனுக்கு ஒரு சுங்கான்

"அரளிக் கட்டையா? அதை அடுப்பிலகூட வைக்கக் கூடாது. அதுல போயி சுங்கான் செய்யிறேங்கிறீங்களே, பாஸ்!"

சிசிலி அந்தத் துண்டைத் தொடக்கூட மறுத்துவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் கூட்டத்தோடு பழகியவளை ஏமாற்ற முடியாது.

அமிர்தநாதன் அந்த மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தின் தச்சர். தச்சரை அங்கே அழைக்கும் வழக்கப்படி, சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'தான். மனைவியை இழந்தவர். சிசிலியும் புருஷனைப் பறிகொடுத்தவள். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்து அவளோடு இறங்கி வருவார். 'என்னைக் கட்டிக்கிறீங்களா?' என்று கேட்க வாயெடுப்பார். மழையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட வீரர்.

இன்று கேட்டே விடுவது என்றிருந்தார். அதற்குள் அவளே பட்டறைக்கு வந்து, புகையிலை பிடிக்க ஒரு சுங்கான் வேண்டும் என்று நிற்கிறாள்.

"சரி, வேற மரம் போடுவோம். உள்ளுக்கு, தேயிலைப் பெட்டியில வர்ற ஈயத்தாளைச் சுத்திட்டா கட்டை கருகாது."

"ஐயோ, ஈயமா? சூடு பட்டா வெஷம். கொஞ்சங் கொஞ்சமா ஒடம்புல ஏறும்னு டொக்டர் ஐயா சொன்னாரு."

"புடிக்கிறவங்க புடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க. யாரும் செத்துப் போயிடல."

"இன்னும் சாகலன்னு சொல்லுங்க!"

"வாய் வைக்கிற எடத்துக்குத் தண்ணிக் குழாய்த் துண்டு?"

"அந்த வெள்ளைப் பூச்சு பூசினதா? சூடேறினா அதுவும் கெடுதி. வேணாம்."

"மேல வார்னிஷ்?"

"அதுவும் வேணாம்."

அமிர்தநாதன் உளியைக் கீழே வைத்தார். "யாருக்குங்க இது? இவ்வளவு அக்கறை?"

"ஒரு மனுசனுக்கு." சிசிலி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "தன்னோட ஒடம்பப் பத்தி அவருக்குக் கவலையே கெடையாது."

"அப்படின்னா புகையிலையையே விடச் சொல்றது!"

"அது கல்யாணத்துக்கு அப்புறம் என் பாடு."

அமிர்தநாதன் கீழே வைத்த உளியை மறுபடி எடுத்து வெறும் பலகையைக் கொத்தினார். கல்யாணமா? யாரோடு? லொறி டிரைவர் றோலண்டாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா வாசலில் வண்டியை நிறுத்தி, காரணமே இல்லாமல் ஹோர்ன் அடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

அவள் போனதும் அரளித் துண்டை மறுபடி கையில் எடுத்தார். செதுக்கி முடித்துவிட்டால் இது எந்த மரம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

மறு நிமிடமே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவனுக்கு ஒன்று ஆனால் அழப்போவது சிசிலிதான். ஏற்கெனவே அழுது தீர்த்தவள். அரளியைப் பட்டறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த மலைக்கு ஏறி, வைரம் பாய்ந்த வேர்க்கட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். பட்டையைச் சீவி, வெந்நீரில் கழுவி, ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் காயப்போட்டார். தன் பழைய சுங்கானைப் பல்லில் கடித்தபடியே பொறுமையாகக் குடைந்தார். வாய் வைக்கும் இடத்துக்கு மாட்டுக் கொம்பு. பூச்சு கிடையாது, ஆணி கிடையாது. துணியால் தேய்த்துத் தேய்த்தே மினுமினுப்பு ஏற்றினார். றோலண்டின் மூஞ்சி நினைவுக்கு வந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

வேலை முடிந்த சேதி கேட்டு சிசிலி வந்தாள். சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இதுனால அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாது. என் கையால பூசை வைக்கிற சாமியாருக்கே செஞ்சாலும் இப்படித்தான் செய்வேன்." அழுகை வந்துவிடுமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குடுத்து வச்ச மனுசன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், சிசிலி. கொண்டு போயிக் குடுங்க."

சிசிலி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"மொதல்ல, விடிஞ்சதுலருந்து பொழுதடையிற வரைக்கும் உங்க வாயில தொங்குதே, அந்த ஈயத்தாள் சுத்தின சுங்கான், அதை எடுத்து வெளிய வீசுங்க" என்று புதியதை அவர் கையில் வைத்தாள். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு அந்த மனுசன்கிட்ட நானேதான் கேக்கணுமா, பாஸ்?"