சலவைக்கூடத்தில் எடுத்த படம்

வெளிநாட்டில் கூலிவேலை செய்பவர்களைப் படமெடுக்கப் போன புகைப்படக்காரன், ஒரு சலவைக்கூடத்தில் பகல் முழுக்க நின்று படமெடுத்தான். அறைக்குத் திரும்பிப் பார்த்தபோது, ஒரு படத்தில் நீராவிக்கு நடுவே போர்வை மடித்துக்கொண்டிருந்தவர் அவனுடைய அண்ணன். இதே ஊருக்குப் பிழைக்க வந்த அண்ணனின் உடல் ஒன்பது வருஷத்துக்கு முன்பு வீட்டுக்கு வந்தது. முகம் பார்த்து அடையாளம் சொன்னவனே இவன்தான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அங்கே ஓடினான். அண்ணன் நின்ற மேஜையின் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மறுபக்கம் நம்மவர் ஒருவர் நின்றிருந்தார். படத்தைக் காட்டினான்.

"இவரா? நேத்தே கிளம்பிட்டாரே! தம்பி வந்துட்டான், இனி நான் வீட்டுக்குப் போகலாம்னு அப்படியொரு சந்தோஷம் மனுஷனுக்கு."

அப்போது கைப்பேசி அடித்தது. அண்ணிதான்.

"தம்பி... உங்க அண்ணன் வந்திருக்காரு. உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீங்க உடனே வாங்க."

"இதோ வரேன் அண்ணி" என்று திரும்பினான். உள்ளே வந்த வாசலைக் காணோம். சுற்றிலும் சுவர்தான் இருந்தது.

எதிரே நின்றவர் ஈரப் போர்வையின் இரண்டு முனைகளை அவனிடம் நீட்டினார்.

"இறுக்கிப் பிடிங்க. இன்னும் நிறைய கிடக்கு."